விமானி பறந்தார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிமலையிலிருந்து எங்கள் வானொலிக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. பேசியவர் பெயர் தங்கமணி. நல்ல மனிதர். அவர் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் பேசி முடித்த பிறகு நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்தேன். பிறகு வெளியே வந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

கோபம் வந்தால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

["கல்வராயன் மலையின் மேல் மேகங்கள் திரண்டு…" முடிக்கவில்லை. மேகத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.]

["மனிதன் பறக்க ஆசைப்பட்ட நாளிலிருந்தே அவன்…" 'அவன்' வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.]

["பிரின்சிக்கு ஆண் குரல்." இது பொய். பிரின்சிக்கு இருப்பது பிரின்சியின் குரல்.]

அந்தப் பொய்யிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

2

கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் போகும் சாலையில், ஓர் உரக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் சமுதாய வானொலி இருக்கிறது. ஒலிப்பதிவு அறையின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கீழேயிருந்து யூரியா வாடை வரும். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு அங்கே நிகழ்ச்சிகள் எழுதுகிறேன். மைக் முன்னால் போகமாட்டேன். போகச் சொன்னால் அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

பிரின்சி என் தோழி. நேயர்களின் தொலைபேசியை எடுப்பது அவள் வேலை. கனமான குரல், அடிவயிற்றிலிருந்து வரும். "வணக்கம், சொல்லுங்க" என்பாள். மறுமுனையில், "சார், மக்காச்சோளத்துல புழு ஜாஸ்தியா கீது சார்" என்று தொடங்குவார்கள். அவள் திருத்தமாட்டாள்.

"மேடம்னு சொல்லுங்கன்னா மன்னிப்பு கேக்க ஆரம்பிச்சிடறாங்கடீ. அதுக்குள்ள புழு கொல்லைய தின்னுட்டுப் பூடுது" என்பாள்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சின்ன வயதில் பாடகர் குழுவில் அவளை வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கக் கூடாது என்று அவள் அம்மா உபகாரமேரி சொல்லிவைத்திருக்கிறார். முதல்முறை எடுத்தபோது, "யாரு, பொண்ணோட அண்ணனுங்களா?" என்று கேட்டார்களாம்.

இந்தக் கதையில் இருப்பது ஒரே கேள்வி. பிரின்சி வானொலி நாடகம் ஒன்றில் பேசினாள். பேசியது பிரின்சி என்று வானொலியில் சொல்வார்களா, மாட்டார்களா? அவ்வளவுதான். இதைவிடப் பெரிய விஷயம் வேண்டும் என்றால் வேறு கதை படியுங்கள்.

3

எங்கள் நிலையப் பொறுப்பாளர் கலையரசன் சார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வானொலி நாடகம் கேட்டே வளர்ந்தவர். அவரிடம் 'விண்ணேறிய வீரர்கள்' என்ற பழைய நாடகத்தின் ஒலிநாடா இருக்கிறது.* விமானம் வந்த புதிதில் பறந்தவர்களைப் பற்றியது, ஆறு பகுதிகள். நாமும் இதேபோல ஒன்று செய்ய வேண்டும் என்று சொல்லி எங்களை உட்காரவைத்துப் போட்டுக்காட்டினார்.

[* தேடாதீர்கள், கிடைக்காது. நாடகத்தின் பெயர் நான் வைத்தது. இந்த வானொலியையும் நீங்கள் கள்ளக்குறிச்சியில் தேட வேண்டாம்.]

முதலில் இடி. பிறகு கதை சொல்பவரின் குரல், அதுவும் இடி. "வானம் மனிதனை அழைத்தது! அவன் மறுக்கவில்லை!" வீரர்கள் எல்லோரும் மார்பிலிருந்து பேசினார்கள். சாகும்போது எதிரொலியோடு செத்தார்கள்.

காதால் கேட்கும் நாடகத்தில் ஒரு சிக்கல் உண்டு. விமானம் கண்ணுக்குத் தெரியாது. யாராவது தரையில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு நாடகாசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். விமானியின் மனைவி. இல்லாவிட்டால் தங்கை. அதுவும் இல்லாவிட்டால் காதலி. அவள் தரையில் நின்றுகொண்டு, "அதோ! அதோ! ஏறிவிட்டார்!" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து "ஐயோ!" என்பாள். ஆறு பகுதிகளிலும் பெண்களுக்குக் கிடைத்தவை இந்த இரண்டு வரிகள். எல்லா மனைவிகளுக்கும் ஒரே நடிகைதான் குரல் கொடுத்திருந்தார் என்று நினைக்கிறேன். அருமையான குரல். அந்தக் குரலுக்கு நிமிர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலை வைக்கவில்லை.

"இந்த அக்காவுக்குக் கழுத்து வலிக்காதாடீ? மேலயே பாத்துகினு கீறாங்க" என்று பிரின்சி என் காதில் சொன்னாள்.

கலையரசன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த 'அதோ'வுல இன்னா உணர்ச்சி பாத்தியாம்மா. இப்ப யாருக்கு வருது அது?"

இன்னொன்றையும் கவனித்தேன். தலைக்கு மேலே ஒரு விமானம் கடந்துபோனால், போகப் போக அதன் சுருதி இறங்க வேண்டும். நாடகத்தில் இறங்கவே இல்லை. ஆறு பகுதிகளிலும் விமானம் ஒரே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. வீரர்கள் யாரும் எங்கும் போகவில்லை. இதைச் சாரிடம் சொல்லவில்லை. என் விமானம் நகரும், உள்ளே ஒரு பெண் இருப்பாள் என்று மட்டும் முடிவு செய்தேன்.

4

அந்த ஆரம்ப வருடங்களில் பறந்த பெண்கள் உண்மையிலேயே இருந்தார்கள். தேடிப் படித்தேன். ஆனால் என் விமானி என் கற்பனை. பெயர் அதெல் மொரேன். மூடாத இருக்கை, முகமெல்லாம் எண்ணெய், கையை அறுக்கும் கம்பிகள். பிரின்சியின் குரலை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

'மொரேன் ஏறினாள். மொரேன் விசையைப் பிடித்தாள். மொரேன் பறந்தாள்.'

கலையரசன் சார் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார்.

"இன்னாம்மா இது, ஏறினாள், புடிச்சாள்னுட்டு? வூட்டு வேலைக்கு வரவங்களச் சொல்ற மாதிரி. சரித்திரத்துல எடம் புடிச்சவங்கம்மா. மரியாத வேணாமா?"

[வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏன் மரியாதை வேண்டாம் என்று அப்போது கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன்.]

"சார், அப்புறம் பொம்பளைன்னு எப்படி…" என்று இழுத்தேன்.

"பேரு இருக்குதே. புரிஞ்சிக்குவாங்கம்மா."

ஏறினார். பிடித்தார். பறந்தார்.

அடுத்து, கதை சொல்பவராகப் பேசிய எங்கள் அறிவிப்பாளர் அன்புச்செல்வன் அண்ணன் மைக்கில் படித்துப் பார்த்தார். "அதெல் பறந்தார்." நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், 'அதில் பறந்தார்'னு கேக்குது சார். எதுலன்னு போன் பண்ணிக் கேப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதெல் போய்விட்டது. மொரேன் மட்டும் மிஞ்சியது. மொரேன் என்பது ஆண் பெயரா பெண் பெயரா என்று சங்கராபுரத்தில் யாருக்குத் தெரியும்?

மூன்றாவதாக ஒரு காட்சி போனது. 'பெண்ணுக்கு உரிமம் கிடையாது' என்று அதிகாரி மொரேனைத் திருப்பி அனுப்பும் காட்சி. நகைக்கடை விளம்பரம் நீளமாக இருந்ததால் நேரம் போதவில்லை. இரண்டாம் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் சார்.

மூன்று திருத்தங்கள், மூன்றுக்கும் நியாயமான காரணம். கெட்ட எண்ணம் ஒன்றிலும் இல்லை. மூன்றும் முடிந்தபோது விமானத்திலிருந்த பெண்ணைக் காணோம்.

தமிழில் 'ஆன்' வந்தால் ஆண். 'ஆள்' வந்தால் பெண். 'ஆர்' வந்தால் மரியாதை. மரியாதை வந்ததும் ஆணும் பெண்ணும் மறைந்துவிடுகிறார்கள். தாளில் பார்த்தால் சமத்துவம்போல இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, 'விமானி பறந்தார்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். யார் பறக்கிறார்? மீசை இருக்கிறதா இல்லையா? பொய் சொல்லாதீர்கள்.

அன்றைக்கு எனக்கும் இது உறைக்கவில்லை. மொரேனாகப் பேசியது பிரின்சி. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்ட எனக்கு மொரேன் கடைசிவரை பெண்ணாகவே இருந்தாள்.

ஒலிப்பதிவு நன்றாக நடந்தது. விமான ஓசைக்கு, வயலில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரை வாடகைக்கு எடுத்தோம். அன்புச்செல்வன் அண்ணன் அதை முதுகில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் ஓடினார். கீழே உரக்கடைக்காரர் தெருவுக்கு வந்து, "மேல இன்னாப்பா, கொசு மருந்தா? எங்க கடைக்கும் சேத்து அடிச்சிடு" என்று கத்தினார். மனிதர் ஓடும் வேகத்துக்குச் சுருதி பெரிதாக மாறாது. கணினியில் நானே இறக்கினேன். என் விமானம் நகர்ந்தது.

5

சனிக்கிழமை மாலை முதல் பகுதி ஒலிபரப்பானது. முடிந்ததும் நேயர் அழைப்புகள், நேரலை. பிரின்சி எடுத்தாள்.

"வணக்கம். சொல்லுங்க, எங்கிருந்து பேசறீங்க?"

"வெள்ளிமலைங்க சார். தங்கமணி பேசறன். மேட்டுல ஏறி நின்னாதான் நம்ம ரேடியோ எட்டுது. அதான் மூச்சு வாங்குது. நாடகம் சூப்பருங்க சார்."

"நன்றிங்க."

"அந்த விமானி தம்பி யாருங்க சார்? விமானத்தப் புடிச்சிகினு இருந்தவங்கள 'கயித்த வுடு'ன்னு ஒரு அதட்டு அதட்டுனாரு பாருங்க, நான் மாட்டுக் கயித்த வுட்டுட்டேன். அது கொல்லைக்குள்ள போயிடுச்சி."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பிரின்சியின் முகம் மலர்ந்திருந்தது.

"நான்தாங்க அது."

"நீங்களா! அதே கொரலு! தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சிங்களா?"

அன்புச்செல்வன் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்லீங்க."

"எங்க சித்தி பொண்ணு ஒன்னு கீது. டீச்சருக்குப் படிச்சிட்டு வூட்லதான் கீது. தங்கமான பொண்ணு. உங்க பேரு இன்னாங்க தம்பி?"

"பிரின்சிங்க."

"பிரின்ஸுங்களா? நல்ல பேரு!"

கலையரசன் சார் கையால் சைகை காட்டினார். பாட்டு போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. விமானி தம்பி, விமானி அண்ணன், விமானி சார். கடுவனூரிலிருந்து பேசிய ஓர் அம்மா, இப்படிப்பட்ட ஆம்பளைங்க இப்ப எங்க கீறாங்க என்று வருத்தப்பட்டார். சார் கையைத் தேய்த்துக்கொண்டு நடந்தார். நிலையத்துக்கு இத்தனை பேர் பேசியதே இல்லை.

டீ வாங்கப் படியிறங்கும்போது பிரின்சி கேட்டாள்.

"நான் நல்லா பேசினனாடீ?"

"நல்லா பேசின."

"அப்ப அத பேசினது யாருடீ?"

பாதிப் படியிலிருந்து திரும்பி மேலே ஏறினேன். கழிப்பறைக்குள் போனது அப்போதுதான். டீ ஊற்றியது அதற்குப் பிறகு.

6

[இந்தப் பகுதியில் பிரின்சி அழுதாள். ஒரு பக்கம் முழுக்க அழுதாள். உண்மையில் அவள் அழவில்லை. எனக்கு அழுகை தேவைப்பட்டதால் எழுதிவிட்டேன். எடுத்துவிட்டேன்.]

7

திங்கட்கிழமை கலையரசன் சார் எங்களை உட்காரவைத்துப் பேசினார். அடுத்த சனிக்கிழமை இரண்டாம் பகுதி. கடைசியில் விமானியாக நடித்தவரின் பெயரை நேரலையில் வாசிக்க வேண்டும். விமானியே வந்து வாசித்தால் நேயர்கள் குதிப்பார்கள்.

"ஆனா கொழப்பம் வரக் கூடாதும்மா" என்றார். "ரெண்டு வழி கீது. அன்பு, மொத வழியப் போடு."

அன்புச்செல்வன் அண்ணன் கணினியைத் தட்டினார். முதல் பகுதியில் பிரின்சி பேசிய வசனம் வந்தது. சுருதியை ஏற்றியிருந்தார்கள். விமானத்தின் ஓசையை இறக்க நான் பயன்படுத்திய அதே வசதி, எதிர்ப்பக்கமாக. "கயித்த வுடு!" என்று ஏதோ பொம்மை கத்தியது. கார்ட்டூனில் வரும் அணில் மாதிரி இருந்தது.

முதலில் சிரித்தது பிரின்சிதான். சத்தமாகச் சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் நிறுத்தக் கொஞ்ச நேரம் ஆனது.

"இதுவா நானு?"

"நல்லா இல்ல இல்ல?" என்றார் சார். "எனக்கும் புடிக்கல. உன் கொரலு அருமையான கொரலும்மா. அத மாத்தவே கூடாது. அப்ப ரெண்டாவது வழி. பேர மட்டும் மாத்திக்கலாம். ஆ. பிரிட்டோன்னு வெச்சிக்கோ. உங்க அண்ணன் பேருதான், வெளி ஆளு பேரு இல்ல. அப்பா ஆசீர்வாதம் இனிஷியலும் அப்படியே நிக்குது."

பிரின்சி கணினித் திரையையே பார்த்தாள்.

"அம்மாகிட்ட நேத்தே பேசிட்டேன். சந்தோஷப்பட்டாங்க. எலவனாசூர்கோட்டைக்காரங்க வர ஞாயித்துக்கெழம பாக்க வராங்களாமே? பொண்ணு பேரு ரேடியோவுல, அதுவும் இந்தக் கொரலோட வந்தா அவங்க இன்னா நெனப்பாங்களோன்னு கவலப்பட்டுகினு இருந்தாங்க. பையன் பேரே போட்டுடுங்க சார்னாங்க. இன்னொன்னு. இந்த மாசத்துலருந்து காலைல விவசாயச் செய்தி நீதான் படிக்கிற. பிரிட்டோவா. போன் எடுக்கற வேலையே இனிமே வேணாம். மைக்கு உனக்குதாம்மா."

அந்த மைக்குக்காக அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். சாருக்கும் தெரியும்.

"என் பேருல இன்னா சார் தப்பு?"

"தப்பே இல்லம்மா. யாரு தப்புன்னு சொன்னாங்க?"

அன்று மாலை ஓசூரிலிருந்து அண்ணன் பிரிட்டோ பேசினானாம். "ஏய், ரேடியோவுல என் பேரு வருதாமே! எனக்குப் பார்ட்டி வெக்கணும்டீ நீ" என்றானாம்.

இயற்பியலில் ஒலியின் சுருதி என்பது, ஒரு நொடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. அதில் பொட்டு வைக்கவோ மீசை வைக்கவோ இடம் கிடையாது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த அறையில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

8

இந்த இடத்தில் கலையரசன் சாரைக் கெட்டவராக்கப் பார்த்தேன். பிரின்சியின் தோளில் ஒருமுறை கை வைப்பவராக எழுதினேன். அடித்தேன். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. ஒரு தனியார் அலுவலகத்தில், 'போன்ல பேச இந்தக் கொரலு சரிப்படாது' என்று அவளைத் திருப்பி அனுப்பியபோது, கூப்பிட்டு வேலை கொடுத்தவரே அவர்தான். அவளுடைய குரலை முதலில் அழகு என்று சொன்னவரும் அவர்தான். அவர் கெட்டவராக இருந்தால் இந்தக் கதையை நான் ஒரே மூச்சில் எழுதியிருப்பேன். நல்லவர்கள் கூடி நின்று, அன்பாகப் பேசி, ஓர் ஆளை இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். அவர்கள்மேல் கோபப்படக்கூட நம்மை விடுவதில்லை.

பிரின்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். உண்மையான ஆட்களை வைத்துக் கதை எழுதினால் பெயரை மாற்றிவிடுவது வழக்கம். நானும் மாற்றியிருந்தேன். பேருந்து நிலையத்தில், சங்கராபுரம் வண்டிக்குக் காத்திருந்தபோது படித்தாள்.

"யாருடீ இந்த ரம்யா?"

"நீதான்."

"நான் எப்ப ரம்யா ஆனேன்?"

"கதைல அப்படித்தான் எழுதுவாங்க. ஒரு பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

வண்டி வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

"சாரு பிரிட்டோன்றாரு. வெள்ளிமலைக்காரரு பிரின்ஸுன்றாரு. நீ ரம்யான்ற. ஆளாளுக்கு எனக்கு ஞானஸ்நானம் குடுத்துகினு கீறீங்க. நான் ஒருதரம் வாங்கிகினேன். போதும்."

"எலவனாசூர்கோட்டைக்காரங்க படிச்சாங்கன்னா?"

"படிக்கட்டும். எழுத்துல கொரலு கேக்காது இல்ல, நீ பயப்படாத."

அந்தக் கிண்டல் என்னைத்தான் குத்தியது. அவர்கள் செய்ததையே நானும் செய்திருந்தேன், அதுவும் அவளுக்காகக் கோபப்பட்டுக்கொண்டே. வண்டி வருவதற்குள் எல்லா ரம்யாவையும் அடித்தேன். [எங்காவது ஒரு ரம்யா தப்பியிருந்தால் நீங்களும் அடித்துவிட்டுப் படியுங்கள்.]

9

முடிவுகள். எழுதிப் பார்த்து, வேண்டாம் என்று விட்டவை.

அ. பிரின்சி தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போகிறாள். சினிமா. அவளுக்கு அந்த மைக் வேண்டும். தன்மானத்துக்காக வேலையை விட்டுவிட்டுப் போகும் பெண்களைப் படித்துக் கைதட்டுகிறவர்கள், அடுத்த நாள் அவள் எங்கே வேலை தேடுவாள் என்று யோசிப்பதில்லை.

ஆ. தங்கமணி ஜீப் பிடித்து மலையிலிருந்து இறங்கி வருகிறார். விமானி தம்பியைப் பார்க்க வேண்டும் என்கிறார். பிரின்சியைப் பார்த்து வாயடைத்துப் போகிறார். பிறகு கைகூப்பி… நிறுத்திவிட்டேன். ஓர் ஆண் மலையிறங்கி வந்து ஒப்புக்கொண்டால்தான் அவள் குரல் அவளுடையது ஆகுமா?

இ. எலவனாசூர்கோட்டை மாப்பிள்ளை நாடகத்தைக் கேட்டிருக்கிறான். அந்தக் குரல் அவனுக்குப் பிடித்துவிட்டது. எழுதிய வேகத்திலேயே அடித்துவிட்டேன். நன்றாகப் பேசியதற்குப் பரிசு, ஒரு மாப்பிள்ளை.

ஈ. அவள் பிரிட்டோ என்றே சொல்லிவிடுகிறாள். வருடங்கள் ஓடுகின்றன. காலைதோறும் பிரிட்டோ விவசாயச் செய்தி வாசிக்கிறார். வாசிக்கிறார். வாசிக்கி

10

வெள்ளிக்கிழமை இரண்டாம் பகுதியின் ஒலிப்பதிவு. அதற்கு முன் சார் திருத்திக் கொடுத்த பிரதியைப் புரட்டினேன். அதிகாரி திருப்பி அனுப்பும் காட்சி இந்த முறையும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு. எல்லா 'ஆள்'களும் 'ஆர்' ஆகியிருந்தன. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி சிவப்புகூட இல்லை.

மொரேன் தனியாக வானத்தில் இருக்கும் பக்கம் அது. அங்கே 'அதோ' என்று சொல்ல ஆள் இல்லை. தரையில் யாரையும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் பார்ப்பதையெல்லாம் அவளே சொல்லிக்கொள்வதாக எழுதியிருந்தேன்.

'ஏறுகிறேன். திரும்புகிறேன். கீழே ஆறு தெரிகிறது. கை மரத்துவிட்டது. விடமாட்டேன்.'

ஏறுகிறேன். 'ஏன்' என்ற விகுதியில் ஆண் இல்லை, பெண் இல்லை. அதைவிட முக்கியம், மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. சாரின் பேனாவுக்கு அங்கே வேலையே இல்லை.

ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்த மாதிரி ஓடிப்போய்ப் பிரின்சியிடம் சொன்னேன். அவள் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுக்குப் போயி பி.எஸ்சி. படிச்சியாடீ? பொறந்ததுலருந்து நான் நான்னுதான் சொல்லிகினு கீறன். கேக்கறவங்கதான் தம்பின்றாங்க."

"நாளைக்கு இன்னா சொல்லப் போற?"

"தெரியல." தண்ணீரைக் குடித்தாள். "எனக்கு மைக்கு வேணும். பேரும் வேணும். ரெண்டுத்துல ஒன்ன எடுத்துக்கோன்றவங்க யாராவது அவங்க வூட்ல சோறு வேணுமா தண்ணி வேணுமான்னு கேட்டிருக்காங்களா?"

இந்தக் கதையில் இருக்கும் ஒரே நல்ல வாக்கியம் இது. நான் எழுதியதில்லை.

11

சனிக்கிழமை. நாடகம் முடியும் நேரம். பிரின்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் இந்தப் பக்கம். என் பக்கத்தில் கலையரசன் சார். அவர் விரல் மைக்கை அணைக்கும் பொத்தான்மேல் இருக்கிறது. எப்போதும் அங்கேதான் இருக்கும். ஆனால் இன்றைக்கு நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் அவள் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து வானொலியை வைத்திருக்கிறார். மகன் பெயரைக் கேட்பதற்காக.

பிரின்சியின் முன்னால் சார் எழுதிக் கொடுத்த தாள். அதில் இருப்பது ஒரே வரி.

'நாடகத்தில் விமானியாக நடித்தவர் ஆ. பிரிட்டோ.'

விமானத்தின் ஓசை தூரத்தில் போய்த் தேய்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. சாரையும் பார்க்கவில்லை. தாளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். காற்றில் பறக்காமலிருக்க வைத்தாளா, மறைக்க வைத்தாளா, தெரியவில்லை. மூச்சை இழுத்தாள். அவளுடைய சொந்தக் குரலில், அடிவயிற்றிலிருந்து, முதல் எழுத்து வந்தது.

"நா…"

நாடகத்தில் என்பதற்கு அதுதான் முதல் எழுத்து. நான் என்பதற்கும் அதுதான்.

அடுத்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். சார் பொத்தானை அழுத்தினாரா என்பதும் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அவளைச் சபாஷ் என்பீர்கள், இல்லாவிட்டால் பாவம் என்பீர்கள். இரண்டும் தரையில் நின்றுகொண்டு சொல்கிறவை.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. வாயைத் திறந்து, சத்தமாக, 'நா' என்று சொல்லுங்கள். அங்கேயே ஒரு நொடி நில்லுங்கள். அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மைக் உங்களுக்கு வேண்டும். பெயரும் வேண்டும். இப்போது மேலே போங்கள்.

நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் போய் நிமிர்ந்து நின்றால் 'ன்'. உள்ளே மடிந்துகொண்டால் 'ட'.